பதினாலாம் நம்பர் வீட்டுப் பச்சை ஸ்டிக்கர்

உக்காருங்க மேடம். அந்தச் சேர் வேணாம், ஒரு கால் ஆடும். இப்படிக் கட்டில்ல உக்காருங்க. ரெண்டு மாடி ஏறி வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க. இனிமே தரைத்தளத்துல வீடு சும்மா குடுத்தாலும் வேணாம்னு நான்தான் சொல்லிட்டேன். அதான் இந்த மாடி.

நீங்க வருவீங்கன்னு உங்க யுனிவர்சிட்டியில இருந்து போன் பண்ணாங்க. விசாரணைன்னாங்க. ஆம்பளைங்க நாலு பேர் வந்து என்னை மெரட்டப் போறாங்கன்னு நெனச்சிருந்தேன். ஷெரின் படிக்கிற அந்தப் பேரிடர் டிபார்ட்மெண்டுக்கே நீங்கதான் தலைமையாமே. அப்ப நல்லதாப் போச்சு. உங்க மாணவி பண்ண காரியத்தை நீங்களே உங்க காதால கேட்டுக்குங்க.

மனுல எழுதினதுதான் மேடம். ஷெரின்ங்கற பொண்ணு சரியா விசாரிக்காம எழுதிட்டுப் போனதால என் மகன் பரணி வெள்ளத்துல செத்துட்டான். அந்தப் பொண்ணுக்குப் பட்டம் குடுக்கக் கூடாது. மூணு வரிதான். ராத்திரி பகலா யோசிச்சு நானே என் கைப்பட எழுதினேன். எங்க வீட்டுக்காரர் அதுல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. தணிகாசலம்னு பேரு, அந்தாளுக்கு வாய் கெடையாது. பேப்பரை நீட்டினேன், படிச்சாரு, மடிச்சு என் கையிலயே குடுத்துட்டு வெளிய போயிட்டாரு. பெத்த பிள்ளை மேல அவ்வளவுதான் பாசம்.

மொதல்ல இருந்து சொல்றேன். எங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க. பெரியவ சுகந்தி, ஒரு கம்பெனில கணக்கு பாக்கறா. சின்னவன் பரணி, பத்தொன்பது வயசு. பொறக்கும்போதே மூளைக்குக் காத்து போகலைன்னு சொன்னாங்க. கை கால் சொன்னபடி கேக்காது, பேச்சு வராது. ஆனா எல்லாம் புரியும் மேடம். கிரிக்கெட் ஓடினா நாலுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரியும். ஆறு அடிச்சா கத்தற கத்துல பக்கத்து வீட்ல என்னமோ ஏதோன்னு ஓடி வருவாங்க. பழைய வீட்ல, திருவொத்தியூர்ல சொல்றேன். அங்க மும்தாஜ் அக்கான்னு பக்கத்துல இருந்தாங்க. நான் கடை கண்ணிக்குப் போனா அவங்கதான் இவனுக்குச் சோறு ஊட்டுவாங்க.

அந்த வீட்டை விட்டு ஏன் வந்தீங்கன்னு கேப்பீங்க. சுகந்திக்கு ரெண்டு வரன் வந்து நின்னு போச்சு. ரெண்டுமே தெருவுல விசாரிச்சிட்டுப் போனவங்க. தம்பி ஒருத்தன் படுத்த படுக்கையா இருக்கான், நாளைக்கு அவனையும் மாப்பிள்ளைதான் பாக்கணும், ரத்தத்துலயே கோளாறா இருக்குமோ என்னமோன்னு பேசினாங்களாம். சுகந்தி எனக்குக் கல்யாணமே வேணாம்மான்னு சொல்லிட்டா. எனக்குத்தான் மனசு கேக்கல. இருபத்தாறு வயசுப் பொண்ணு மேடம். யாருக்கும் எங்களைத் தெரியாத எடமாப் பாத்து, ஊருக்கு இந்தக் கோடியில, ஆத்தோரமா அந்தச் செண்பகா நகர்ல வீடு புடிச்சோம். பின்பக்கத்துப் போர்ஷன். ஓனர் பெங்களூர்ல, முன்பக்கம் பூட்டிக் கெடந்துச்சு. ஆட்டோவை வீட்டுக்குள்ளயே விட்டு, இருட்டினதுக்கப்புறம் அவனை எறக்கினோம்.

ஆனி மாசம் வந்தோம். ஐப்பசியில உங்க ஷெரின் வந்தா.

நாகர்கோவில் பக்கத்துப் பொண்ணாமே, பேச்சுல தெரிஞ்சுச்சு. ஒல்லியா, முதுகுல பெரிய பை. ஆன்ட்டி, நான் ஆராய்ச்சி பண்றேன், வெள்ளம் வந்தா இந்த நகர்ல யாரை மொதல்ல வெளிய கொண்டு வரணும்னு ஒரு லிஸ்ட் தயார் பண்றேன்னா. வெயில்ல நிக்குதேன்னு எலுமிச்சை ஜூஸ் போட்டுக் குடுத்தேன். அதையெல்லாம் அவ எழுதியிருக்க மாட்டா. இருபத்தெட்டு கேள்வி மேடம். செல்போன் எத்தனை, ரேஷன் கார்டை எங்க வெச்சிருக்கீங்க, மொட்டை மாடிக்கு வழி இருக்கா, நீச்சல் தெரியுமா. சமையல்கட்டுல நிக்கவே நேரம் இல்ல, இதுல நீச்சல் எங்கன்னு சொன்னேன். சிரிச்சா. நல்லாத்தான் சிரிச்சா.

வீட்ல எத்தனை பேர்னா. மூணு பேர்னேன். பிள்ளைங்கன்னா. ஒரே பொண்ணுன்னேன்.

இருங்க மேடம், ஒரு நிமிஷம். இல்ல, தண்ணி வேணாம்.

அப்புறம்தான் கேட்டா, நடக்க முடியாதவங்க, படுக்கையில இருக்கறவங்க யாராவது உண்டான்னு. அவ மடியில ஸ்டிக்கர் கட்டு இருந்துச்சு. சிவப்பு, மஞ்சள், பச்சை. அது எதுக்கும்மான்னேன். நடக்க முடியாதவங்க இருக்கற வீட்டுக்குச் சிவப்பு, குழந்தைங்க வயசானவங்கன்னா மஞ்சள், தானா போயிக்கறவங்களுக்குப் பச்சை, கதவுல ஒட்டிட்டா வெள்ளத்துல வர்றவங்க மொதல்ல சிவப்பு வீட்டைத் தட்டுவாங்கன்னா. ஒம்பதாம் நம்பர்ல பக்கவாதம் வந்தவர் இருக்காரு, அந்தக் கதவுல காலையிலயே சிவப்பு ஒட்டியிருந்ததை நானே பாத்தேன். பால் வாங்கப் போறவ வர்றவ எல்லாம் நின்னு பாத்துட்டுப் போறாளுங்க.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை சுகந்தியைப் பொண்ணு பாக்க வர்றதா இருந்தாங்க மேடம். திருத்தணிப் பக்கத்துக் குடும்பம். கதவுல சிவப்பு ஒட்டியிருந்தா இது என்னன்னு கேக்க மாட்டாங்களா? நான் என்ன பதில் சொல்லுவேன்? யாரும் இல்லம்மான்னேன்.

அப்பப் பாத்து உள்ள அவன் சத்தம் குடுத்தான். டிவி ஓடுதுன்னேன். அவ உள்ரூம் திரைச்சீலையைப் பாத்தா. என்னைப் பாத்தா. குனிஞ்சு எழுதிட்டா. எழுந்து போய் அவளே கதவுல பச்சை ஒட்டி, சுருக்கம் இல்லாம கட்டை விரலால தேச்சும் விட்டா.

இதுதான் மேடம் என் கேள்வி. காதுல சத்தம் விழுந்துச்சுல்ல? நாலு எட்டு வெச்சா அந்த ரூம். எட்டிப் பாக்க வேணாமா? சொன்னதை அப்படியே எழுதிக்கறதுக்குப் பேரு ஆராய்ச்சியா? மருந்துக் கடையில கூடச் சீட்டை ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் மாத்திரை குடுக்கறான். நான் ஒரு அம்மா, எனக்கு ஆயிரம் பயம் இருக்கும், பொய் சொல்லுவேன். படிச்ச பொண்ணு அதைக் கண்டுபிடிக்க வேணாமா?

வாசல்ல ஒட்டணும்னு யோசனை சொன்னது யாரு மேடம், அவளா? யார் வீட்ல என்ன கொறைன்னு ஊருக்கே படம் போட்டுக் காட்டறது என்ன புத்தி?

ஓ. நீங்களா.

சரி. நீங்க நல்லதுக்குத்தான் யோசிச்சிருப்பீங்க. உங்க வீட்ல கல்யாண வயசுல பொண்ணு இருக்காதுன்னு நெனைக்கறேன்.

ஞாயித்துக்கெழமை வந்தாங்க. அவனுக்குத் தூங்கறதுக்கு டாக்டர் குடுத்த மருந்தை அன்னைக்கு மட்டும் மத்தியானமே குடுத்துட்டோம். உள்ள தூங்கிட்டான். சுகந்தி காபி கொண்டு வந்தா, தலையைத் தூக்கவே இல்ல. வெக்கம்னு நெனச்சுக்கிட்டாங்க. பையன் தங்கமான பையன், அதிர்ந்து பேசத் தெரியாது. எங்களுக்குப் புடிச்சிருக்கு, கார்த்திகையில நீங்க நம்ம வீட்டுக்கு வாங்க, தேதி குறிச்சுத் தையில முடிச்சிரலாம்னாங்க. அன்னைக்கு நான் அழுதேன் மேடம். சந்தோஷத்துல அழுதேன்னு சொன்னா தப்பாப் போயிடுமோ இப்ப.

கார்த்திகையில அந்த நாள் வந்துச்சு. ரெண்டு நாள் அடைமழை பேஞ்சு அன்னைக்குக் காலையில விட்டுருச்சு. வெயிலே அடிச்சுச்சு. நல்ல நாள், மாத்தினா அபசகுனம்னு ஆகிடும். சுகந்தி, நான் லீவு போட்டு இவனைப் பாத்துக்கறேன்மான்னா. கல்யாணத்துக்கு லீவு வேணும், இப்பவே போட்டுத் தீக்காதேன்னு நான்தான் அனுப்பினேன். பரணிக்கு இட்லி ஊட்டி, துணி மாத்தி, அவன் கட்டில் ஓரத்துல தலகாணி அடுக்கி, ரெண்டு மணிக்குள்ள வந்துடுவோம்டான்னு சொல்லிட்டு, வெளிய பூட்டிட்டுப் போனோம். தாம்பாளத்துல பழம் பூ எல்லாம் எடுத்துக்கிட்டு ரயில்ல போனோம். பூட்டினது நான்தான். ரெண்டு தடவை இழுத்துப் பாத்தேன்.

அங்க இலை போட்டுட்டாங்க. பாயாசம் ஊத்தறாங்க, சுகந்தி போன் பண்றா. அம்மா, ஏரி நெரம்பி ஆத்துல தண்ணி வருதாம், நம்ம நகருக்குள்ள வந்துருச்சாம், நான் கெளம்பறேன், பஸ் இல்லன்னு அழறா. நாங்க எழுந்துட்டோம். வீட்ல தண்ணி வந்துருச்சுன்னு சொன்னோமே தவிர, பையன் இருக்கான்னு அப்பவும் சொல்லல மேடம். சம்பந்தி வீட்டுக் கார்லயே பாலம் வரைக்கும் கொண்டாந்து விட்டாங்க. கார்ல ரெண்டு மணி நேரம். பீரோவுல நகை இருக்கா அம்மான்னு அந்த டிரைவர் கேக்கறாரு. ஆமான்னேன்.

பாலத்துல போலீஸ் கயிறு கட்டியிருக்கு. அந்தப் பக்கம் வீடுங்க பாதிக்கு மேல தண்ணிக்குள்ள. படகுல ஆளுங்களைக் கொண்டு வர்றாங்க. ஒம்பதாம் நம்பர் பக்கவாதக்காரரைச் சேரோட தூக்கிட்டு வந்து எறக்கறாங்க. சிவப்பு ஸ்டிக்கர் வீடு. அங்க நிக்கறா உங்க ஷெரின். மழைக் கோட்டு போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள்ள லிஸ்டை வெச்சுக்கிட்டு, வந்தவங்க பேரை அடிச்சிக்கிட்டு இருக்கா. ஓடிப் போய் அவ கையைப் புடிச்சேன். பதினாலாம் நம்பரும்மா, உள்ள என் பையன் இருக்கான்னேன். அஞ்சு மாசமா மறைச்சு வெச்சதை நடுரோட்டுல நின்னு கத்திச் சொன்னேன்.

அவ சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "ஆன்ட்டி, நான் கேட்டேன்ல."

அந்த நேரத்துல பேசற பேச்சா மேடம் இது? பெத்தவ துடிக்கறா, அவகிட்ட போய் நான் கேட்டேன்லன்னு கணக்கு பேசறா. அந்த வார்த்தைக்குத்தான் நான் மனு எழுதினேன். இன்னைக்கும் காதுல அதுதான் கேக்குது. தூங்க முடியல.

படகுல ஏறிட்டா. ஆமா, அவதான். படகுக்காரங்க அது பச்சை வீடு, தூக்க வேண்டியவங்க யாரும் இல்லன்னு லிஸ்ட்ல இருக்கேங்கறாங்க, இவ லிஸ்டைத் தூக்கிப் போட்டுட்டு ஏறிட்டா. ஒரு மணி நேரம் ஆச்சு. திரும்பி வரும்போது அவ மேல மழைக் கோட்டு இல்ல. அதை அவன் மேல போத்தியிருந்தா.

பதினாறாம் நாள் சம்பந்தியம்மா வந்தாங்க. அவங்கதான் எனக்குத் தலைவாரி விட்டாங்க. அப்பச் சொன்னாங்க, தரகர் உங்க பழைய தெருவுல விசாரிச்சு எங்ககிட்ட மொதல்லயே சொல்லிட்டாரும்மா, எங்க நாத்தனார் பொண்ணும் இதே மாதிரிதான், நீங்களா சொல்லுவீங்கன்னு காத்திருந்தோம்னு. எப்படி இருக்கு பாருங்க. தெரிஞ்சவங்க தெரியும்னு ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லியிருக்க வேணாமா? மறைச்சு மறைச்சு வெச்சு என்ன கண்டாங்க? அவங்க மேலயும் எனக்குக் கோவம்தான். வெளிய காட்டிக்கல, பொண்ணு வாழப் போற எடம்.

அது என்ன மேடம் நோட்டு? ஷெரினோடதா? குடுங்க. எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும்.

"பதினாலு. உள்ளே ஒருவர் இருக்கலாம். அம்மா மறுக்கிறார். மறுபடி போகணும்."

தேதி போட்டிருக்கா.

சரி. வந்தா. நாலு நாள் கழிச்சு இன்னொரு தடவை வந்தா. ஃபாரம் இல்ல, பை இல்ல, வெறுங்கையோட வந்தா. மனுல எழுதலதான். எழுதணும்னு தோணல. ஆன்ட்டி, ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன், என் நோட்டுல மட்டும் எழுதிக்கறேன், படகுல போறவங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, சொல்லுங்கன்னா. என் தம்பிக்குக் காது கேக்காது ஆன்ட்டின்னு சொல்லி என் கையைப் புடிச்சா. எனக்கு ஒரு நிமிஷம் சொல்லிடலாமான்னு இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், இத்தனை கஷ்டப்பட்டு இங்க வந்து, கல்யாணம் கூடி வர்ற நேரத்துல, யாரோ ஒருத்திகிட்ட எதுக்குச் சொல்லணும்னு. என் பொண்ணு மேல சத்தியமா எனக்கு வேற பிள்ளை இல்லன்னேன். சத்தியம் பண்ணா அவ என்ன பண்ணுவா, போயிட்டா.

இது என்ன அடுத்த பக்கம்? "மீண்டும் போனேன். கதவு திறக்கவில்லை." ஆமா. வெள்ளத்துக்கு மூணு நாள் முன்னாடி. மழை ஆரம்பிக்கல இன்னும். உள்ளதான் இருந்தேன், தொறக்கல. ரொம்ப நேரம் தட்டினா. ஆன்ட்டி ஆன்ட்டின்னு கூப்பிட்டா. இதையும் எங்க வீட்டுக்காரருக்குச் சொன்னேன். அதான் கையெழுத்துப் போடலையோ என்னமோ.

இன்னொரு பேப்பரா? படகுக்காரங்க சொன்னதா? நீங்களே படிங்க மேடம்.

நிறுத்துங்க. மறுபடி படிங்க.

பதினோரு மணிக்கா? தெருவுல முழங்கால் தண்ணிதானா அப்ப? அப்ப வீட்டுக்குள்ள வெறும் ஈரம்தானே இருந்திருக்கும். மூணு தடவை தட்டினாங்களா? யாராவது இருக்கீங்களா, குரல் குடுங்கன்னு கேட்டாங்களா? பச்சை ஸ்டிக்கர்ங்கறதால மட்டும் திரும்பிப் போகல, வெளிப்பூட்டு, உள்ள சத்தம் இல்லன்னுதான் போனாங்களா?

இது எனக்கு யாரும் சொல்லல மேடம். அவங்க அந்தப் பக்கமே வரலைன்னுதான் இத்தனை நாளா நெனச்சிருந்தேன். வெள்ளம் திடீர்னு வந்துச்சு, யாராலயும் முடியலைன்னு.

கேளுங்க. நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு தெரியும். அவனுக்கு நல்லாச் சத்தம் போட வரும். தெருக்கோடி வரைக்கும் கேக்கும். போர்வை நழுவினாலே கத்துவான். அப்புறம் ஏன் கத்தலைன்னுதானே?

அந்தப் பொண்ணு ரெண்டாவது தடவை வந்துட்டுப் போனதுக்கப்புறம் எனக்குப் பயம் வந்துருச்சு மேடம். கல்யாணம் முடியற வரைக்கும்தானேன்னு ஒரு விளையாட்டு மாதிரி ஆரம்பிச்சேன். நான் வெளிய போய்க் கதவைத் தட்டுவேன். அவன் மூச்சு காட்டாம இருக்கணும். இருந்தா உள்ள வந்து க்ரீம் பிஸ்கட் குடுப்பேன். மொத ரெண்டு நாள் தட்டின உடனே சிரிச்சுடுவான். பிஸ்கட் இல்லன்னுட்டுத் திரும்பப் போய்த் தட்டுவேன். ஒரு வாரத்துல கத்துக்கிட்டான். இவனுக்கு எதையும் சொல்லித் தர முடியாதும்மான்னு ஸ்பெஷல் ஸ்கூல்ல திருப்பி அனுப்பின பிள்ளை. ஷெரின் கடைசியா வந்து அத்தனை நேரம் தட்டினாளே, அப்ப அவன் வாயை இறுக்கி மூடிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். அவ போனதும் கட்டிப் புடிச்சு ரெண்டு பிஸ்கட் குடுத்தேன். எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு மேடம், என் பிள்ளை ஒண்ணு கத்துக்கிட்டான்னு.

அந்த மனு உங்க பையிலதானே இருக்கு, குடுத்துடுங்க. நான் வேற எழுதித் தர்றேன். அந்தப் பொண்ணு மூணு தடவை வந்துச்சுன்னு எழுதறேன். அவளைப் படிக்க விடுங்க, பட்டம் குடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க, இவரையும் கூப்பிட்டுப் போடச் சொல்றேன். இப்பப் போடுவாரு.

பதினோரு மணிக்கு அவனுக்கு நல்லா முழிப்பு இருக்கும். மூணு தடவை தட்டியிருக்காங்க. கட்டிலுக்குக் கீழ தண்ணி வந்திருக்கும், பயந்திருப்பான். ஆனாலும் வாயை மூடிக்கிட்டு, அம்மா கதவைத் தொறந்துட்டு பிஸ்கட்டோட வருவான்னு பாத்துக்கிட்டு இருந்திருப்பான் மேடம்.